எட்டாம் நம்பர் ஸ்பேனரும் மீன்தொட்டி டியூபும்

எஞ்சின் ஆயில் விஷயத்துல நம்ம ஊர்க்காரங்களுக்கு இருக்கிற பக்தி இருக்கே, அதை வார்த்தையில சொல்ல முடியாதுங்க. மூவாயிரம் கிலோமீட்டர் ஓடிருச்சா, மாத்தியே ஆகணும். எந்த பிராண்டு, எந்த கிரேடு, சிந்தெட்டிக்கா மினரலான்னு டீக்கடையில ஒரு மணி நேரம் பட்டிமன்றமே நடக்கும். அதே ஆளுகிட்ட "அண்ணே, பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. "அதையெல்லாம் மாத்தணுமா என்ன? குறைஞ்சா கொஞ்சம் ஊத்திக்க வேண்டியதுதான்"னு பதில் வரும்.

2022 மே மாசம் வரைக்கும் நானும் அந்த ஆள்தான்.

ஆபீஸ் நண்பர் ஒருத்தரோட ஏலகிரி போயிருந்தேன். வண்டி 2017-ல வாங்கின 160 சிசி, முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் டிஸ்க். மேல ஏறும்போது ஒண்ணும் இல்லை. இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவு, பின்னாடி எண்பது கிலோ நண்பர், சரிவுன்னாலே எனக்குக் கொஞ்சம் உதறல். அதனால வழி நெடுக பின் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தேன். (கியரைக் குறைச்சு எஞ்சினை வச்சு வேகத்தைக் கட்டுப்படுத்தணும்னு மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிச்ச எனக்குத் தெரியாதான்னு கேக்காதீங்க. தெரியும். பரீட்சையில கேட்டிருந்தா எழுதியிருப்பேன்.) பாதிக்கு மேல இறங்கினதும் பெடலை மிதிச்சா கால் அப்படியே கீழ போகுது. பஞ்சுப் பொதியை மிதிச்ச மாதிரி. பிரேக் பிடிக்கவே இல்லை. முன் பிரேக்கும் ரெண்டாம் கியரும் இருந்ததால ஓரமா ஒதுக்கி நிறுத்த முடிஞ்சது. எதிர்ல பஸ் வர்ற வளைவா இருந்திருந்தா இந்தப் பதிவை எழுத நான் இருந்திருப்பேனான்னு தெரியலை.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அரை மணி நேரம் பாறை மேல உக்காந்து ரெண்டு பேரும் தண்ணி குடிச்சோம். மறுபடியும் பெடலை மிதிச்சுப் பாத்தா, பிரேக் திரும்ப வந்துடுச்சு! ஒண்ணுமே நடக்காத மாதிரி கல்லு மாதிரி நிக்குது. ஊருக்கு வந்து வழக்கமா வண்டி விடற சர்வீஸ் சென்டர்ல சொன்னேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு "பிரேக் சூப்பரா இருக்கே சார், பேட் கூட பாதிக்கு மேல இருக்கு"ன்னு சாவியைக் கையில கொடுத்துட்டாங்க. அவங்க சொன்னதும் பொய்யில்லை. அந்த நேரத்துல பிரேக் நல்லாத்தான் இருந்தது.

என் சித்தப்பா பாடியில ஒரு பிரேக் பாகம் செய்யற தொழிற்சாலையில முப்பது வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். அவருகிட்ட இதைச் சொன்னேன். முழுசாக் கேக்கக்கூட இல்லை. "ஆயில் கொதிச்சிருக்குடா"ன்னார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, பின் சக்கரத்துக்கிட்ட குந்தி, காலிப்பர்ல இருக்கிற நிப்பிளோட ரப்பர் மூடியைக் கழட்டினார். "இங்க பாரு தம்பி. கம்பெனியில வச்ச பெயின்ட் குறி அப்படியே இருக்கு. அஞ்சு வருஷமா இந்த நிப்பிள் மேல ஒரு ஸ்பேனரும் படலை."

வீட்டுக்குள்ள போய் சர்வீஸ் பில் எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். அஞ்சு வருஷத்துல மூணு தடவை 'பிரேக் சர்வீஸ்'னு காசு வாங்கியிருக்காங்க, அதுல ரெண்டு தடவை 'பிரேக் ஃப்ளூயிட்'டுன்னு தனியா ஒரு வரி. அந்தப் பெயின்ட் குறி மட்டும் உடையவே இல்லை!

அன்னிக்கு முடிவு பண்ணினேன். வண்டியில வேற எதை வேணா வெளிய கொடுத்துச் செய்யலாம். பிரேக் ஆயில் மாத்தறதும், அதுல ஏர் எடுக்கறதும் மட்டும் இனிமே நம்ம வாசல்லதான். நாலு வருஷத்துல என் வண்டி, தங்கச்சி வண்டி, நண்பர்கள் ரெண்டு மூணு பேர் வண்டின்னு கை நல்லாவே பழகிருச்சு. அதனால இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ரெண்டே விஷயம். இதை வீட்டுலயே செய்யுங்க. ஆனா அதுக்குன்னு விக்கிற டூலை எல்லாம் வாங்காதீங்க, அந்தக் காசுல புது ஆயில் வாங்குங்க.

ஏன் கொதிக்குதுன்னு கொஞ்சம் பாத்துடலாம். பிரேக் ஆயில்னு நாம சொன்னாலும் அது எண்ணெய் கிடையாது. டாட் 3, டாட் 4 ரெண்டுமே கிளைக்கால் வகை திரவம். அதுக்கு ஒரு கெட்ட பழக்கம், காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். மூடி வழியா, ரப்பர் ஹோஸ் சுவர் வழியான்னு கொஞ்சம் கொஞ்சமா தண்ணி உள்ள போகும். புது டாட் 4-க்கு விதிப்படி கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும். அதுல 3.7 சதவீதம் தண்ணி சேந்துட்டா 155 போதும்னு அதே விதி சொல்லுது. டாட் 3-னா 205, தண்ணி சேந்தா 140. அந்த வித்தியாசத்தைப் பாருங்க! நம்ம ஆவடி, அம்பத்தூர் காத்துல ஈரத்துக்கா பஞ்சம்? வடகிழக்குப் பருவமழை மாசத்துல துணியே ரெண்டு நாள் காய மாட்டேங்குது.

கொதிச்சா ஆவி. ஆவியை அமுக்கினா சுருங்கும், திரவம் சுருங்காது. பாஸ்கல் விதி எழுதி, ஹைட்ராலிக் பிரஸ் படம் போட்டு பதினாறு மார்க் வாங்கினவன்தான் நான். ஆனா ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாத்ததில்லை. பைக் மாஸ்டர் சிலிண்டரோட விட்டம் ஏறக்குறைய அரை அங்குலம்னு வச்சுக்குங்க. பிஸ்டன் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தா வெளிய போற திரவம் 1.27 மில்லிதான். இருமல் மருந்து மூடியில அடியை நனைக்கிற அளவு! நாம லீவரை முழுசா இழுத்தாலே அவ்வளவுதான் தள்ள முடியும். அப்படின்னா லைன்ல ஒரு மில்லி காத்தோ ஆவியோ இருந்தா, நம்ம கை பலம் மொத்தமும் அதைச் சுருக்கறதுலயே போயிடும். பேடுக்கு ஒண்ணும் போய்ச் சேராது. ஆறினதும் ஆவி திரும்பத் தண்ணியாகிடும், பிரேக் 'தானா' சரியாகிடும். ஏலகிரி பாறை மேல நான் பாத்த அதிசயம் இதுதான்.

நியாயமாச் சொல்லணும்னா, பூந்தமல்லி ஹைரோட்டுல ஆபீஸ் போய்ட்டு வர்றதுல ஆயில் கொதிக்காது. இங்க சரிவே பாடி மேம்பாலம் மட்டும்தான். ஆனா தண்ணி சேந்த ஆயில் கொதிக்காம இருந்தாலும் உள்ளுக்குள்ள துருவை உண்டாக்கிக்கிட்டே இருக்கும். பிஸ்டன்ல துரு, அது சீலைக் கீறும், அப்புறம் காலிப்பரே மாத்தணும். அதனால மலை ஏறாதவங்களுக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறது லாபம்தான்.

சரி, டூல் விஷயத்துக்கு வருவோம்.

இணையத்துல தேடினா கையால அடிக்கிற வேக்குவம் பம்ப், ரிசர்வாயர் மூடியில மாட்டற பிரஷர் பாட்டில், உள்ளயே வால்வு வச்ச நிப்பிள்னு வரிசையாக் காட்டும். ஆயிரம், ரெண்டாயிரம்னு போகும். ஆர்வக்கோளாறுல வேக்குவம் பம்ப் ஒண்ணு நானும் வாங்கினேன். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க இழுக்கறேன், குமிழி வந்துக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது. லைன்ல இவ்வளவு காத்தான்னு பயந்தே போயிட்டேன். சித்தப்பா வந்து பாத்துட்டு சிரிச்சார். நிப்பிளை லூஸ் பண்ணினா அதோட மரை வழியா வெளிக்காத்து உள்ள வரும், பம்ப் அதைத்தான் இழுக்குது. பிரேக் உள்ள காத்தே இல்லை. மரையைச் சுத்தி கிரீஸ் தடவினா கொஞ்சம் குறையும், ஆனா எது நிஜக் குமிழி எது பொய்க் குமிழின்னு கடைசி வரைக்கும் சந்தேகம்தான். அந்த பம்ப் இப்ப பரண் மேல நிம்மதியா இருக்கு.

எனக்குத் தேவைப்படறது இவ்வளவுதான். எட்டாம் நம்பர் ரிங் ஸ்பேனர் (சில வண்டிக்கு பத்து). ஓப்பன் ஸ்பேனரால திருகாதீங்க, நிப்பிளோட மூலை மழுங்கிட்டா கதை கந்தல். கொளத்தூர் வண்ணமீன் கடையில மீட்டர் கணக்குல விக்கிற, மீன்தொட்டிக்குக் காத்து போற ஒல்லி டியூப் ஒரு முழம். மூணு தடவை பயன்படுத்தினா விறைச்சிடும், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம். மெடிக்கல் ஷாப்புல ஊசி இல்லாம ஒரு பெரிய சிரிஞ்சு. கண்ணாடி பாட்டில் ஒண்ணு. சீல் உடைக்காத டாட் 4 சின்ன பாட்டில். எந்த டாட்டுங்கறது ரிசர்வாயர் மூடி மேலயே எழுதியிருக்கும், அதையே ஊத்துங்க. நம்பர் பெருசா இருக்கேன்னு டாட் 5 வாங்கிடாதீங்க. அது சிலிக்கான், மத்ததோட சேராது. டாட் 5.1 வேற, அது கிளைக்கால் ஜாதிதான்.

அப்புறம் ஒரு ஆள். நெஜமான டூல் அதுதான். எங்க வீட்டுல தங்கச்சி.

வேலை ஒண்ணும் பெரிசில்லை. முதல்ல டேங்க் மேல ஈரத் துண்டைப் போட்டுடுங்க, பக்கத்துல ஒரு பக்கெட் தண்ணி. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னுடும், சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவணும். (என் வண்டி டேங்க்ல இலங்கை வரைபடம் மாதிரி ஒரு தழும்பு இருக்கு. முதல் தடவை துண்டு போடலை.) ரிசர்வாயர் மூடியைக் கழட்டி, பழைய ஆயிலை சிரிஞ்சால உறிஞ்சி எடுத்துட்டு, அடியில படிஞ்ச கசடைத் துடைச்சுட்டுப் புதுசை ஊத்துங்க. புது ஆயில் தேன் கலர்ல இருக்கும். என் வண்டியில இருந்து வந்தது ஃபில்டர் காப்பி டிகாக்ஷன்.

நிப்பிள் மேல முதல்ல ஸ்பேனர், அதுக்கு மேல டியூப். டியூப் நிப்பிள்ல இருந்து கொஞ்சம் மேல ஏறி, அப்புறம் வளைஞ்சு பாட்டிலுக்குள்ள இறங்கணும். நுனி, பாட்டில்ல கொஞ்சம் ஊத்தி வச்ச ஆயில்ல முங்கி இருக்கணும். இப்ப தங்கச்சி லீவரை மெதுவா மூணு நாலு தடவை அமுக்கி, அமுக்கினபடியே பிடிக்கணும். நான் நிப்பிளைக் கால் திருப்பு திறப்பேன். குமிழியோட ஆயில் போகும், லீவர் கீழ இறங்கும். நான் மூடின பிறகுதான் அவ லீவரை விடணும். முன்னாடியே விட்டா வெளிய போன காத்து திரும்ப உள்ள வந்துடும், செஞ்சது அத்தனையும் வீண். மொத்த வித்தையும் இந்த ஒரு இடத்துலதான் இருக்கு. எங்க வீட்டு வாசல்ல ஞாயித்துக்கிழமை கேக்கற சத்தம் இதுதான்:

"அமுக்கு... அமுக்கு... புடி!"

"புடிச்சிருக்கேன்ணா."

"மூடிட்டேன், விடு."

"விட்டுட்டேன்."

எதிர்வீட்டு மாமி ஒரு நாள் "என்ன, பசு மாடு வாங்கிருக்கீங்களா?"ன்னு எட்டிப் பாத்துட்டுப் போனாங்க :-)

நாலஞ்சு தடவைக்கு ஒருமுறை ரிசர்வாயரைப் பாத்து ஊத்தணும். பேச்சு சுவாரஸ்யத்துல ஒரு தடவை அது வத்திப்போய் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளயே காத்து போயிடுச்சு. முன் பிரேக். அப்புறம் எவ்வளவு அடிச்சாலும் லீவர் தொளதொளன்னே இருந்தது. அதுக்கும் சித்தப்பாதான் கை கொடுத்தார். மாஸ்டர் சிலிண்டர் உசரமா இருக்கிற மாதிரி ஹேண்டிலைத் திருப்பி, பழைய சைக்கிள் டியூபைக் கிழிச்சு லீவரை இறுக்கிக் கட்டி ராத்திரி முழுக்க விட்டுட்டோம். காலைல அவிழ்த்து நாலு தடவை மெதுவா அமுக்கினதும் ரிசர்வாயர்ல குமிழி கொப்பளிச்சு வந்தது, லீவர் இறுகிடுச்சு. செலவு பூஜ்யம். ரெண்டாயிரம் ரூபாய் பம்ப் இதைச் செய்யுமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

கார்க்காரங்களுக்கு ஒரு விஷயம். மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து ரொம்ப தூரத்துல இருக்கிற சக்கரத்துல ஆரம்பிக்கணும்னு சொல்லுவாங்க. அமெரிக்கக்காரர் வீடியோ பாத்தா 'பின் வலது முதல்ல'ன்னு சொல்லுவார். அவருக்கு ஸ்டியரிங் இடது பக்கம்! நமக்கு வலது பக்கம், அதனால தூரமான சக்கரம் பின் இடது. அதோட நிறைய கார்ல முன் வலதும் பின் இடதும் ஒரு லைன், மத்த ரெண்டும் இன்னொரு லைன்னு குறுக்கா பிரிச்சிருப்பாங்க. அதுக்கு மேனுவல்ல வேற வரிசை இருக்கலாம். மேனுவல் சொல்றதைக் கேளுங்க, வீடியோவை இல்லை. பழைய கார்ல பெடலைத் தரை வரைக்கும் மிதிக்காதீங்க, கீழ ஒரு கட்டையை வச்சுக்குங்க. வழக்கமா சீல் போகாத இடத்துல துரு இருக்கும், அங்க போய் உரசினா கிழிஞ்சிடும். நல்லா இருந்த பிரேக்கை நாமளே கெடுத்த கதை ஆகிடும்.

இப்ப முக்கியமான எதிர்ப்பு. "பிரேக் உயிர் விஷயம்பா. தெரிஞ்சவங்ககிட்ட விடு, விளையாடாத." எங்க அப்பா இன்னிக்கும் இதைத்தான் சொல்றார். உயிர் விஷயம்ங்கறதாலதான் நான் செய்யறேன்னு அவருகிட்ட சொன்னேன். சர்வீஸ் சென்டர் பையன் மேல எனக்குக் கோவம் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பத்து பன்னெண்டு வண்டி முடிக்கணும். எஞ்சின் ஆயில் மாத்தலைன்னா நாம எட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவோம். சங்கிலி தொங்கினா தெரியும். பிரேக் லைனுக்குள்ள இருக்கிறது மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வேலையைத்தான் அவசரத்துல முதல்ல விடுவாங்க. நானும் சாஃப்ட்வேர் ஆளுதானே, ரிலீஸுக்கு முந்தின ராத்திரி எந்த டெஸ்டை விடுவோம்னு எனக்குத் தெரியாதா?

அதுக்காக எல்லாத்தையும் நாமளே செய்யணும்னு நான் சொல்லலை. லீவரைப் பிடிச்சபடி ஒரு நிமிஷம் இருங்க. மெதுவா உள்ள இறங்கினா அது காத்து இல்லை. எங்கயோ ஒழுகுது, இல்லைன்னா மாஸ்டர் சிலிண்டர் சீல் போச்சு. அதுக்கு மெக்கானிக்தான். ஹோஸ்ல வெடிப்பு தெரிஞ்சாலும் அப்படித்தான். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் 125 சிசிக்கு மேல வித்த வண்டியில எல்லாம் ஏபிஎஸ் கட்டாயம். அதுல சாதாரணமா ஆயில் மாத்தலாம், ஆனா ரிசர்வாயர் வத்தி ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காத்து போயிட்டா, அதை எடுக்க பல வண்டிகளுக்கு ஸ்கேனர் மாட்டி உள்ள இருக்கிற வால்வை இயக்கணும். நம்ம மீன்தொட்டி டியூப் அங்க செல்லாது. அதனால ஏபிஎஸ் வண்டிக்காரங்க ரிசர்வாயர் மேல ஒரு கண்ணு இல்லை, ரெண்டு கண்ணும் வைங்க.

வேலை முடிஞ்சதும் வண்டியை நகர்த்தறதுக்கு முன்னாடி லீவரை அமுக்கிப் பாருங்க. அப்புறம் நம்ம தெருவுலயே பத்து கிலோமீட்டர் வேகத்துல நாலு தடவை பிடிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் மெயின் ரோடு. எங்க வீட்டுல எம்.டி.எச் ரோட்டுல லாரிக்கு நடுவுல தினமும் வண்டி ஓட்டறது தங்கச்சி. அவளே அமுக்கி, அவளே சோதிச்சுப் பாத்த பிரேக். போன தடவை ஸ்பேனரையும் அவ கையிலயே கொடுத்துட்டு நான் லீவர் பக்கம் நின்னேன். "அமுக்கு, புடி"ன்னு என்னை மிரட்டறதுல அம்மணிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பழைய ஆயிலை சாக்கடையில ஊத்தாதீங்க. கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கறது அதைவிட மோசம், கலர் வேற அப்படியே இருக்கும், குழந்தைங்க எடுத்துக் குடிச்சிட்டா விஷம். நான் கண்ணாடி பாட்டில்ல பேர் எழுதி வச்சு, பழைய எஞ்சின் ஆயில் சேக்கற மெக்கானிக் கடையில கேட்டுக் கொடுத்துடறேன். மிச்சமான புது ஆயிலையும் அடுத்த வருஷத்துக்குன்னு பத்திரப்படுத்தாதீங்க. மூடி திறந்த பாட்டில் அன்னிக்கே ஈரம் குடிக்க ஆரம்பிச்சிடும். அதனாலதான் சின்ன பாட்டில் வாங்கச் சொன்னேன்.

ஒரு கொசுறு. ஆரம்ப காலத்துல பிரேக் ஆயில்னா ஆல்கஹாலும் விளக்கெண்ணெயும் கலந்ததுதானாம். அன்னிக்கு இருந்த ரப்பர் சீல் பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊதிப்போயிடும், விளக்கெண்ணெய்க்குத் தாங்கும். இன்னிக்கும் அதே கதைதான், பிரேக் ஆயில் இல்லையேன்னு அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊத்தினா சீல் எல்லாம் ஊதிக் கெட்டுடும். இதையும் சொன்னது சித்தப்பாதான். பிரேக்ஸ் இந்தியா 1962-ல பாடியில ஆரம்பிச்சாங்க, பக்கத்துலயே வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ்ஸுன்னு வரிசையா கம்பெனி. "நாட்டுல பாதி வண்டிக்கு நம்ம ஊர்லதான் பிரேக் செய்யறோம்னு பெருமையாச் சொல்லிக்குவோம்டா. ஷிப்ட் முடிஞ்சு கேட்டுக்கு வெளிய வந்தா ஸ்டாண்டுல நிக்கிற வண்டி அத்தனையிலயும் கறுப்பு ஆயில்தான். என் வண்டியையும் சேத்துத்தான் சொல்றேன்"னார்.

அடுத்த ஞாயிறு அப்பாவோட பழைய ஆல்டோ. ஒரு வழியா சம்மதிச்சிருக்கார், பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்து பாப்பேன்ங்கற நிபந்தனையோட. பின் இடது நிப்பிள் துரு ஏறிக் கிடக்கு. துருவிளக்கி எண்ணெயைத் துணியில நனைச்சு சுத்தி வச்சிருக்கேன், ஸ்பிரே அடிச்சா லைனிங்ல பட்டுடும். புதன்கிழமை ஒரு தடவை மெதுவா தட்டிப் பாக்கணும்.